மடித்து வைத்த ஐந்தாவது ஏன்

உசிலம்பட்டி
11 டிசம்பர் 2024

ஸ்நேஹா டீச்சருக்கு,

சங்கரியின் அம்மா பொன்மணி எழுதுகிறேன். நான்காம் வகுப்பு பி பிரிவு சங்கரி. உங்களுக்கு மறந்திருக்காது. அவள் செய்ததை வைத்துத்தான் உங்கள் போட்டோ பேப்பரில் வந்தது.

அவளுக்கு டி.சி. வேண்டும். அது இல்லாமல் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது என்கிறார்கள். மேலே உள்ள விலாசத்துக்குத் தபாலில் அனுப்புங்கள், இது என் அக்கா வீடு. போன் பண்ண வேண்டாம். கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி சந்துக்காரர்கள் நாள் முழுக்கக் கூப்பிட்டுத் திட்டியதில் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டேன். என் வீட்டுக்காரருடைய போன் போலீஸில் இருக்கிறது. கடிதமாகவே எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள். 'பாலக்காட்டுத் தமிழ் வீட்டுப் பெண் நான், தமிழ் எழுத வரும்' என்று நீங்களே ஒரு நாள் பள்ளிக்கூடக் கேட்டில் நின்று பெருமையாகச் சொன்னீர்கள்.

டி.சி. கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை நிற்கவில்லை.

கண்காட்சி அன்று அவர் காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு வாங்கி வந்தார். தண்ணி லாரி ஓட்டுகிற மனுஷனுக்குப் பள்ளிக்கூடத்தில் முன் வரிசை நாற்காலி என்றால் சும்மாவா? "எம் புள்ள மைக்குல பேசப் போறா, நீ நடுவுல நொய்நொய்ங்காத" என்று என்னிடம் சொன்னார். 'நம் வகுப்பில் பதினொரு பேருக்கு ஏன் வயிற்றுப்போக்கு வந்தது?' அதுதானே நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை. இரண்டு மாதம் அதையே துருவினார்கள். சங்கரி கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு சந்தின் படத்தைக் காட்டினாள். நோய் வந்த வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு, வராத வீட்டுக்குப் பச்சைப் பொட்டு. என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். எங்கள் வீட்டின் மேல் பச்சைப் பொட்டைப் பார்த்து நான்கூடச் சிரித்தேன்.

பிறகு சார்ட்டுக்கு வந்தாள். முதல் ஏன், இரண்டாவது ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்றாவதில், திங்களும் வியாழனும் வருகிற லாரித் தண்ணீரைக் குடித்த வீடுகளில்தான் நோய் என்றாள். நான்காவதில், அந்த இரண்டு நாளும் லாரி பாலம் தாண்டிச் சர்க்கார் குழாய்க்குப் போவதில்லை, போய் வந்தால் இரண்டு மணி நேரம் ஆகும், இது நாற்பது நிமிஷத்தில் திரும்பிவிடுகிறது, வாய்க்கால் ஓரம் பூட்டிக் கிடக்கும் கிடங்கின் கிணற்றில் நிரப்புகிறார்கள் என்றாள். அந்த லாரியை ஓட்டியவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார், டீச்சர். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. சங்கரியோடு படிக்கிற நஸ்ரினின் தம்பி அந்த நோயில் செத்துப் போனதை நானும் மறக்கவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாற்பது நிமிஷம் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? திங்களும் வியாழனும் மட்டும்தான் அவர் மதியம் வீட்டுக்கு வருவார். சங்கரியும் இடைவேளை மணி அடித்ததும் ஓடி வருவாள். வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் அப்பாவும் மகளும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அதைக் கொண்டுபோய்த்தான் பிள்ளை உங்கள் மேஜையில் வைத்திருக்கிறாள்.

டி.சி.யை அனுப்புங்கள்.

பொன்மணி


மட்டாஞ்சேரி
18 டிசம்பர் 2024

அன்புள்ள பொன்மணி அவர்களுக்கு,

டி.சி. இத்துடன் இருக்கிறது. என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா வீட்டில் சொல்லிக் கொடுத்த எழுத்து இது. கைக்குச் சுலபமாக வருவது மலையாளம்தான்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் கணவர் கை தட்டியதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

நான் செய்ததை விளக்கிச் சொல்ல அனுமதியுங்கள். பிள்ளைகளுக்குப் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். அதனால் நான் புத்தகத்தை மூடிவிட்டு, அவர்கள் வாழ்க்கையில் உள்ள நிஜமான பிரச்சினை ஒன்றைக் கொடுப்பேன். பதில் சொல்ல மாட்டேன். 'ஏன்' என்று கேட்டு ஒரு பதிலைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்தப் பதிலுக்கு மறுபடி 'ஏன்' கேட்க வேண்டும், இப்படி ஐந்து முறை. ஐந்துக்கு முன்னால் நிற்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் சட்டம். செப்டம்பரில் பாதி வகுப்பு காலியாகக் கிடந்தது. பதினொரு பேர் வரவில்லை. வேறு எந்தப் பிரச்சினையை நான் எடுப்பேன்?

நவம்பரில் நஸ்ரினின் தம்பி இறந்தபோது நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து நஸ்ரின் வகுப்புக்கு வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. "டீச்சரே, நம்மடெ சார்ட் தீர்ந்நோ?" என்று கேட்டாள். சார்ட் முடிந்துவிட்டதா என்று. அவளிடம் நான் எப்படி 'அதை விட்டுவிட்டோம்' என்று சொல்வேன்? பிள்ளைகள் நடந்தே போய், அந்தக் கிடங்கின் வாசலில் லாரி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சார்ட்டில் பொய் ஒன்றும் இல்லை. லாரி யாருடையது, ஓட்டுவது யார் என்பது எனக்குத் தெரிய வந்தபோது நேரம் கடந்துவிட்டது.

சங்கரிக்கு மாவட்ட அளவில் முதல் பரிசு கிடைத்திருக்கிறது. சான்றிதழையும் சேர்த்து அனுப்புகிறேன். அது அவள் உழைப்பு, அவளிடம் இருக்க வேண்டியது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொல்ல மாட்டேன். எங்காவது பத்திரமாக வையுங்கள்.

ஸ்நேஹா


உசிலம்பட்டி
27 டிசம்பர் 2024

டீச்சருக்கு,

டி.சி. வந்தது. சான்றிதழும் வந்தது. அப்பனை ஜெயிலுக்கு அனுப்பியதற்கு முதல் பரிசு. நல்ல கனமான தாள், தங்கக் கலரில் பார்டர் எல்லாம் போட்டிருக்கிறார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதக் குடுத்தனுப்ப அந்தப் பொம்பளைக்குக் கை கூசலையா?" என்றாள். அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது.

சங்கரியை இங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று. உங்களுக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. உங்கள் கெட்டிக்காரி மாணவி வாயைத் திறப்பதில்லை. காலையில் எழுவாள், சாப்பிடுவாள், போவாள், வருவாள். ஏன் என்ற சொல் அவள் வாயில் இருந்து வந்து மாதம் ஆகப் போகிறது. முன்னே என் உயிரை எடுப்பாள். சாம்பாரில் ஏன் பெருங்காயம், கப்பல் ஏன் கத்துகிறது, படகுத்துறை மாமா ஏன் ஒரு பக்கமே மீசை வைத்திருக்கிறார் என்று. "சும்மா இருடி" என்று எத்தனை தடவை மண்டையில் குட்டியிருக்கிறேன். இப்போது சும்மா இருக்கிறாள்.

இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பொய் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து முறை கேட்பது வகுப்பின் சட்டம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கண்காட்சியில் சங்கரி நாலுதான் சொன்னாள். அப்போது எனக்கு உறைக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அவளைக் கேட்டேன். "டீச்சர் அஞ்சாவத மடிச்சு வச்சிட்டாங்க" என்றாள். அதில் என்ன எழுதியிருந்தாய் என்றேன். கெஞ்சினேன், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன். கடைசியில் அடித்தேன். விளக்குமாற்றுக் கட்டையால் அடித்தேன், டீச்சர். அக்கா வந்து பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். அழுதாளே தவிர ஒரு எழுத்து சொல்லவில்லை.

அவள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? நான்காவது ஏன், கிடங்குக் கிணற்றில் லாரி நிரப்புகிறது. ஐந்தாவது வேறு என்னவாக இருக்கும்? அங்கே நிரப்பச் சொன்னது யார்? முதலாளி பாண்டித்துரை. டீசல் மிச்சம் பிடிக்க அவர்தான் சொன்னார். அந்தப் பாண்டித்துரை வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரருடைய அக்கா புருஷன். ஊரில் இருந்து கூட்டி வந்து லாரியைக் கையில் கொடுத்தவர். அதனால்தான் இவர் ஸ்டேஷனில் வாயைத் திறக்கவில்லை. அவருடைய அக்கா வாழ்க்கை கெட்டுவிடுமாம். வக்கீலையும் பாண்டித்துரைதான் வைத்திருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று டிரைவருக்குத் தெரியாது, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லி ஜாமீன் வாங்கிவிடலாம் என்கிறார் வக்கீல். அதுவும் வாய்தா மேல் வாய்தா. முதலாளி பெயர் ஒரு இடத்திலும் வராமல் பார்த்துக்கொள்கிறார்.

உங்கள் கண்காட்சிக்குப் பந்தலும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தது யார்? பாண்டித்துரை. பிள்ளைகள் என்ன காட்டப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் ஒரு ஸ்டூல்கூட வந்திருக்காது, அது வேறு விஷயம். நாற்காலி கொடுத்தவர் பெயரை மடித்து மறைத்தீர்கள். லாரி ஓட்டியவரை மைக் வைத்துக் காட்டிக் கொடுத்தீர்கள். இதுதான் நீங்கள் சொல்லித் தரும் யோசிப்பா?

அந்த ஐந்தாவது தாள் எனக்கு வேண்டும்.

பொன்மணி


மட்டாஞ்சேரி
6 ஜனவரி 2025

பொன்மணி அவர்களுக்கு,

சங்கரியை அடிக்காதீர்கள். முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றது எழுத முடிகிறது. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

நான் மடித்தது உண்மை. கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் சார்ட்டைச் சுவரில் மாட்டும்போதுதான் ஐந்தாவதைப் படித்தேன். அவளே வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அடிப்பக்கத்தை மேலே மடித்து இரண்டு குண்டூசி குத்தினேன். அவள் பக்கத்தில் நின்றாள். "அஞ்சு தடவ கேக்கணும்னு டீச்சர்தானே பறஞ்சது?" என்றாள். "நாலு போறும் குட்டி" என்றேன். போலீஸ் சுவரில் தெரிந்ததைத்தான் போட்டோ எடுத்தார்கள். மடிப்பை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சார்ட் என் அலமாரியில் இருக்கிறது.

ஆனால் நீங்கள் நினைப்பது அதில் இல்லை. பாண்டித்துரையின் பெயர் அதில் இல்லவே இல்லை. நாற்காலிக்காக நான் எதையும் மறைக்கவில்லை. என்னவென்று கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறி வருகிறேன். உங்கள் கையில் கொடுக்கிறேன். நீங்கள் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

போன கடிதத்தில் ஒரு பொய் சொன்னேன், அதையும் திருத்திவிடுகிறேன். லாரி ஓட்டுவது யார் என்று தாமதமாகத் தெரிந்தது என்று எழுதியிருந்தேன். அப்படி இல்லை. அக்டோபர் கடைசியில், யார் வீட்டுக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு லாரி வருகிறது என்று பலகையில் போட்டுக்கொண்டிருந்தோம். சங்கரி தனக்குத் தெரியும் என்று துள்ளி எழுந்தாள். "எனிக்கறியாம் டீச்சரே! திங்களும் வியாழனும் எங்க அப்பா சோறு திங்க வீட்டுக்கு வரும். மத்த நாள் வராது" என்றாள். அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை. நான் அப்போதே பலகையை அழித்துவிட்டு வேறு பேச்சை எடுத்திருக்கலாம். தனியாக ஹெல்த் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதியிருக்கலாம். பிள்ளையை விலக்கிவிட்டுப் பெரியவள் நான் செய்திருக்க வேண்டியது அது. நான் அவளைப் பலகைக்குக் கூப்பிட்டு, எல்லோரையும் கை தட்டச் சொன்னேன். பதினாறு வருஷம் பாடம் நடத்தியதில் ஒரு பிள்ளை தானே யோசித்துக் கண்டுபிடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அவளுக்கு எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஐந்தாவதை எழுதும்போது புரிந்துதான் எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

நான் வரட்டுமா?

ஸ்நேஹா


உசிலம்பட்டி
16 ஜனவரி 2025

டீச்சருக்கு,

வர வேண்டாம். நீங்கள் இந்த வாசலில் கால் வைத்தால் அக்கா வீட்டு ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கே தெரியாது. பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் இருக்கிறார்கள்.

எழுதத் தைரியம் வரவில்லையாம். மைக் கொடுத்து ஒன்பது வயதுப் பிள்ளையைப் பேச வைக்கத் தைரியம் இருந்தது. பேப்பர்காரனுக்குப் போஸ் கொடுக்கத் தைரியம் இருந்தது. இப்போது பாண்டித்துரை பெயர் அதில் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்ப வேண்டும். அக்டோபரிலேயே தெரிந்தும் கை தட்ட வைத்தேன் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் மகன் எங்கே படிக்கிறான் டீச்சர்? தேவராவில், பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில். ஒரு நாள் படகுத்துறையில் அவன் கையில் புத்தகத்தைக் கொடுத்து, "முழுசா மனப்பாடம் ஆச்சா, ஒப்பி" என்று நீங்கள் உலுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உங்கள் பிள்ளைக்கு மனப்பாடம், மார்க்கு, இன்ஜினியர். எங்கள் பிள்ளைகளுக்குத்தான் ஏன், எதற்கு, எப்படி. எலி பிடித்துப் பரிசோதனை செய்வார்களே, அப்படி எங்கள் பிள்ளைகளைப் பிடித்தீர்கள். உங்கள் மகனை விட்டு உங்கள் வீட்டில் ஐந்து ஏன் கேட்கச் சொல்லுங்கள் பார்ப்போம். முதல் நாளே ஸ்கேல் முறிந்துவிடும்.

இனி நான் சொல்கிறபடி செய்யுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்ப வேண்டாம். வழியில் தொலைந்தது என்பீர்கள், இல்லை வேறு ஒன்றை எழுதி வைப்பீர்கள். எனக்கு மலையாளம் படிக்கவும் தெரியாது. வக்கீலிடமும் கொடுக்கக் கூடாது, அவர் பாண்டித்துரை ஆள். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், கேஸ் நம்பர் சொல்லி, சார்ட்டை மடிப்போடு கொடுத்து, ரசீது வாங்குங்கள். ரசீது நகல் எனக்கு வர வேண்டும். ஜாமீன் விசாரணை ஜனவரி 31. அதற்குள் நடக்கவில்லை என்றால் உங்கள் இரண்டு கடிதத்தையும் கல்வி ஆபீஸுக்கும், உங்களைப் போட்டோ பிடித்த அதே பேப்பருக்கும் அனுப்புவேன். உங்கள் வேலையும் போகட்டும். வருமானம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நீங்களும் உட்கார்ந்து யோசியுங்கள்.

பொன்மணி


மட்டாஞ்சேரி
20 ஜனவரி 2025

பொன்மணி அவர்களுக்கு,

கடைசியாக ஒரு முறை கேட்கிறேன். ஸ்டேஷனில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. முதலில் நீங்கள் படியுங்கள். என்னை நம்ப வேண்டாம், மலையாளம் தெரிந்த யாரையாவது உங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அது உங்கள் கணவருக்கு உதவாது. உங்களுக்கும் உதவாது.

உங்களை மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை.

ஸ்நேஹா


உசிலம்பட்டி
23 ஜனவரி 2025, ஸ்பீட் போஸ்ட்

எட்டு நாள் இருக்கிறது. ரசீதை மட்டும் அனுப்புங்கள். உபதேசம் வேண்டாம்.

பொன்மணி


மட்டாஞ்சேரி
27 ஜனவரி 2025

பொன்மணி அவர்களுக்கு,

ரசீது நகல் இதோ. சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கொடுத்தேன். நீங்கள் சொன்னபடியே, மடிப்போடு.

எஸ்.ஐ. குண்டூசிகளை எடுத்துவிட்டு, மடிப்பைப் பிரித்து, உரக்கப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு "இந்த அம்மா இப்ப எவிடெ?" என்று என்னிடம் கேட்டார். உங்கள் விலாசம் என்னிடம் இருந்தது. சொன்னேன்.

சங்கரி எழுதியதைத் தமிழில் தருகிறேன். ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

'ஐந்தாவது ஏன்: திங்கள், வியாழன் லாரி முதலில் எங்கள் வீட்டுப் பக்கம்தான் நிற்கும். எங்களைச் சுற்றி எல்லா வீட்டுக்கும் சிவப்புப் பொட்டு. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் பச்சைப் பொட்டு? பதில்: அந்த இரண்டு நாளும் அம்மா லாரித் தண்ணீர் பிடிக்க மாட்டாள். கேன் தண்ணீர் வாங்குவாள். அப்பா பிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும்.'

கெட்ட தண்ணீர் என்று டிரைவருக்குத் தெரியாது என்பதுதான் உங்கள் வக்கீலின் வாதம். இனி அது நிற்காது. இதனால்தான் மடித்தேன். உங்களுக்காகக்கூட இல்லை, அவளுக்காக மடித்தேன். இந்த ஒரு விஷயத்திலாவது நான் அவளைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வேறு வழி இல்லாமல் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. வேலை போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். இல்லை, ஒரு நகல் எடுத்து முதலில் உங்களுக்கு அனுப்பிவிட்டு மூன்று நாள் காத்திருக்கலாம். நாள் இருந்தது. செய்யவில்லை. என் மகனைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தியை மறுபடி படித்துவிட்டு, ஆட்டோ பிடித்து நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். திரும்பி வரும் வழியில் நஸ்ரினின் அம்மாவைப் பார்த்தேன். கையில் காலிக் குடம். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சார்ட்டைக் கொடுத்துவிட்டால் எனக்கு மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை.

ஸ்நேஹா


உசிலம்பட்டி
24 பிப்ரவரி 2025

டீச்சருக்கு,

ஜாமீன் கிடைக்கவில்லை. தெரிந்தே செய்தார் என்று பெரிய பிரிவாகப் போட்டுவிட்டார்கள். பாண்டித்துரை சந்தோஷமாக இருக்கிறார். "டிரைவருக்கே தெரிஞ்சிருக்கு, எங்கிட்ட மறைச்சுட்டான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நாளே வக்கீலையும் நிறுத்திவிட்டார். கொச்சியில் இருந்து இரண்டு போலீஸ் வந்து, அக்கா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். தெருவே நின்று பார்த்தது. என்னையும் சேர்ப்பார்களா என்று இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் அவரைப் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "புள்ள எழுதுனதாமே?" நான் தலையை ஆட்டினேன். "அவள ஒண்ணும் சொல்லாத" என்றார். மீதி நேரம் முழுக்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் படி படி என்று இரண்டு தடவை எழுதினீர்கள். படித்திருக்கலாம். நான் கேட்டு வாங்கியது, உங்கள் மேல் பழி போட்டு எழுத ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று நாள் காத்திருக்கலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நீங்களும் மறக்கக் கூடாது.

என் கணக்கையும் எழுதுகிறேன். ஆகஸ்ட் மாதம் அவர் சொன்னார். "திங்க, வியாழன் இதப் புடிக்காத, ஒரு மாதிரி நாத்தமா இருக்கு. வெளிய சொல்லிராத, மச்சான் கோவிச்சுக்குவாரு" என்றார். நான் கேன் வாங்க ஆரம்பித்தேன். சங்கரி ஏன் என்று கேட்டாள். லாரித் தண்ணி உனக்குச் சளி பிடிக்கும் என்றேன். அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். கிழமையைக் கவனித்திருக்கிறாள். லாரி வந்து நிற்கும், வெறும் குடத்தோடு வாசலுக்குப் போவேன், போகாவிட்டால் சந்தேகப்படுவார்களே. நஸ்ரினின் அம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியில் நிற்பாள். "என் முறையில நீ புடிச்சுக்க, புள்ளய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்ப" என்று என் இடத்தை அவளுக்கு விடுவேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. அவள் எனக்கு நன்றி சொல்வாள். இதைப் போலீஸிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். ஏன் உங்களிடம் என்று தெரியவில்லை. இந்த மூன்று மாதத்தில் எனக்குக் கடிதம் போட்டது நீங்கள் ஒருத்திதான்.

விளக்குமாற்றுக் கட்டையால் அடித்தேன் என்று எழுதினேன் இல்லையா. கட்டை விழ விழ, பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அப்பன் மேல் உள்ள பயம், உங்கள் மேல் உள்ள பாசம் என்று என்னென்னவோ நினைத்து இன்னும் இரண்டு போட்டேன். அவள் என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கத்தான் அவ்வளவு அடியையும் வாங்கியிருக்கிறாள்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சும்மா, நீ எழுதுனது. உம் மேல தப்பு இல்ல" என்றேன். முதுகைத் தடவினேன், தழும்பு இன்னும் இருக்கிறது. சோற்றைப் பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். இரண்டு உருண்டை வாங்கினாள். மூன்றாவதை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தாள்.

"நம்ம வீட்டுல புடிக்கல, சரி. நஸ்ரின் அம்மாவுக்கு ஏம்மா எடம் விட்ட?"

ஒரு மாதம் ஆகப் போகிறது டீச்சர். தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்கிறாள். கோபமாக இல்லை. வகுப்பில் உங்களைக் கேட்பாளே, அதே மாதிரி, பதில் வரும் என்று நினைத்துத்தான் கேட்கிறாள். நான் பதில் சொல்லாமல் மூன்றாவது உருண்டையை அவள் வாங்குவதில்லை. இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

பொன்மணி